பெயர் நகை: தோட்டத்து டவுனிலிருந்து இணையத்தில் விற்க முடியுமா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து டவுனில் இருக்கிறீர்கள். பெயர் சங்கிலி, பெயர் கைச்சங்கிலி, சாவிக்கொத்து என்று கையால் செய்து இணையத்தில் விற்க நினைக்கிறீர்கள். கையில் 1,500 ரிங்கிட் இருக்கிறது, அது போதுமா, ஷோப்பி என்கிற இணையச் சந்தையில் போடுவதா இன்ஸ்டாகிராமில் போடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில் 'எங்கள் ஊரில் இருந்துகொண்டு இதெல்லாம் நடக்குமா' என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் நீங்கள் கேட்பது அதைத்தான் என்று நினைக்கிறேன். முகம் தெரியாத ஒருவர் உங்களை நம்பிப் பணம் போடுவாரா, போட்டாலும் செலவு போகக் கையில் ஏதாவது நிற்குமா? அதற்குப் பதில் சொல்கிறேன், 1,500 நடுவில் தானாக வந்துவிடும்.

நான் ஈப்போவில் ஒரு பத்தர் பட்டறையில் வேலை பழகியவன். பிறகு வெள்ளியிலும் ஸ்டீலிலும் பெயர் நகை செய்து பல வருடங்களாக இணையத்தில் விற்கிறேன். தங்க வேலை இப்போது என் கையில் இல்லை. அதனால் கீழே சொல்வதை வெள்ளி, ஸ்டீல், முலாம் இவற்றுக்கான பேச்சாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தொழிலில் எல்லாமே ஒரு விஷயத்திலிருந்துதான் கிளைக்கிறது. பெயர் ஏறிய நகைக்கு இரண்டாவது வாங்குபவர் கிடையாது. சேலை விற்கிறவர், ஒருவர் வேண்டாம் என்றால் அடுத்தவருக்குக் காட்டலாம். 'யாழினி' என்று வெட்டிய பதக்கத்தை இன்னொரு யாழினி வரும்வரை டப்பாவில் போட்டு வைக்க வேண்டியதுதான். ஆகவே முழுப் பணமும் வந்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். பாதி இப்போது, மீதி பொருள் வந்ததும் என்கிற பேச்சு சொந்தக்காரர்களிடமும் வேண்டாம். சொந்தக்காரர்களிடம்தான் முக்கியமாக வேண்டாம். பணம் போட்டதாக வரும் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள், தொகையைத் திருத்திய ரசீதுகள் எனக்கே வந்திருக்கின்றன. வங்கிக் கணக்கைத் திறந்து, தொகை ஏறியிருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு 'கிடைத்தது' என்று பதில் போடுங்கள்.

அடுத்தது தமிழ் எழுத்து. உங்களுக்கு மற்ற கடைகளை விட ஒரு படி மேலே நிற்க இடம் இருப்பது இங்கேதான், வேலை கெடுவதும் இங்கேதான். ஆங்கிலப் பெயரைச் சாய்வெழுத்தில் வெட்டினால் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போகும். 'கார்த்திக்' என்று தமிழில் எழுதிப் பாருங்கள். க-வுக்குப் பக்கத்தில் துணைக்கால் தனியாக நிற்கிறது. ர், த், க் மூன்றுக்கும் மேலே மூன்று புள்ளிகள் எதையும் தொடாமல் மிதக்கின்றன. தகட்டில் வெட்டும்போது ஒட்டாத துண்டெல்லாம் கீழே விழுந்துவிடும். அதனால் அடியில் ஒரு மெல்லிய பட்டை கொடுத்து எல்லா எழுத்தையும் அதன்மேல் உட்கார வைக்க வேண்டும், ஒவ்வொரு புள்ளியையும் சிறு காம்பால் எழுத்தின் தலையோடு இணைக்க வேண்டும். வெள்ளியில் அந்தக் காம்பு ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போனால் வளையும், தலைமுடியில் மாட்டும். ரொம்பத் தடித்தால் எழுத்துக்குக் கொம்பு முளைத்த மாதிரி இருக்கும். நான் புள்ளியை நடுவில் துளையுள்ள குட்டி வளையமாக வரைகிறேன். பெயர் மெய்யெழுத்தில் முடிந்தால் அந்தக் கடைசிப் புள்ளியிலேயே சங்கிலியை மாட்டிவிடலாம், தனியாக ஒரு காது வைக்க வேண்டியதில்லை.

வெட்டித் தருகிறவர் பெரும்பாலும் தமிழ் தெரியாதவராக இருப்பார். அவர் கண்ணுக்குப் புள்ளி ஒரு தூசி. சுத்தம் செய்கிறேன் என்று அழித்துவிட்டால் கார்த்திக் 'காரததிக' ஆகித்தான் வீடு வருவார். உங்கள் எழுத்துரு அவர் கணினியில் இல்லையென்றால் கொ, கௌ போன்ற எழுத்துகள் பிரிந்து கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் போகும். ஆகவே எழுத்தாக அனுப்பாதீர்கள். கோட்டு வடிவமாக மாற்றி எஸ்விஜி அல்லது பிடிஎஃப் கோப்பாக அனுப்புங்கள், கூடவே ஒரு படமும் வையுங்கள். அந்தப் படத்தின் ஓரத்தில் 'எழுத்து 5, மேல்புள்ளி 3' என்று எண்ணிக்கை எழுதிவிடுங்கள். தமிழ் தெரியாதவருக்கும் எண்ணத் தெரியும். வாடிக்கையாளருக்கு அனுப்பும் மாதிரியை நிஜ அளவில் தாளில் அச்சடித்து, பக்கத்தில் ஒரு 20 சென் நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள். திரையில் பெரிதாகப் பார்த்துவிட்டு, கையில் வாங்கியதும் 'இவ்வளவு சின்னதா' என்று கேட்பது அதோடு நின்றுவிடும்.

எழுத்துப் பிழை இன்னொரு தலைவலி. நம் ஆட்களின் பெயர் மைகார்டு அடையாள அட்டையில் ஒரு மாதிரி, வீட்டில் ஒரு மாதிரி, எண் கணிதம் பார்த்த பிறகு வேறொரு மாதிரி. லட்சுமியை லெட்சுமி என்று எழுதும் குடும்பமும் உண்டு, இலட்சுமி என்று எழுதும் குடும்பமும் உண்டு. எது சரி என்று நீங்கள் தீர்ப்பு சொல்ல வேண்டாம். குரல் பதிவில் வரும் ஆர்டரை அப்படியே எடுக்காதீர்கள். பெயரை வாட்ஸ்அப்பில் அவரே தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும், நீங்கள் அதை நகலெடுத்து ஒட்ட வேண்டும், திரும்ப அடிக்கக் கூடாது. பரிசாக வாங்குகிறவரிடம் ஒரு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள்: 'போட்டுக்கொள்ளப் போகிறவர் தன் பெயரை எப்படி எழுதுவார்?' அத்தைக்கும் சித்திக்கும் அது பாதி நேரம் தெரிந்திருக்காது, பிள்ளையின் அம்மாவைக் கேட்டுச் சொல்வார்கள். மாதிரிப் படத்துக்குக் கீழே 'இந்த எழுத்துகளே சரி, செய்யலாம்' என்று அவர் எழுத்தில் பதில் வந்த பிறகுதான் வெட்டக் கொடுக்க வேண்டும். அதன் பிறகு பிழை உங்களுடையதாக இருந்தால் இலவசமாகச் செய்து கொடுங்கள். அவருடையதாக இருந்தால் பொருள் செலவை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். இதை முதலிலேயே எழுதி வைத்துவிட்டால் சண்டை வராது.

உலோகத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியவை சில உண்டு. 925 என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. அது கறுப்பது போலி என்பதால் இல்லை. காற்றில் இருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்வதால் கறுக்கிறது, துடைத்தால் போகும். நம் ஊர் ஈரக்காற்றில் சீக்கிரம் கறுக்கும், அதனால் காற்றுப் புகாத பையில் போட்டே அனுப்புங்கள். 316எல் ஸ்டீல் கறுக்காது, விலையும் குறைவு. ஆனால் அதில் நிக்கல் உண்டு. கலவையில் இறுகியிருப்பதால் வெளியே கசிவது மிகக் குறைவு, பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்யாது. நிக்கல் ஒவ்வாமை கடுமையாக இருப்பவருக்கும் புதிதாகக் குத்திய காதுக்கும் அதை விற்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் தோலோடு ஒட்டிக் கிடக்கும் நகையிலிருந்து சதுர சென்டிமீட்டருக்கு வாரம் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக் கூடாது, குத்திய துளையில் போடுவதற்கு 0.2 தான் எல்லை. சரக்கு தருகிறவர் 'நிக்கல் இல்லை' என்று வாயால் சொன்னால் இந்த அளவுக்கான சோதனை அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள்.

உறுதியாகச் சொல்ல முடியாதது முலாம். தங்க முலாம் எத்தனை மாதம் நிற்கும் என்று எல்லோரும் கேட்பார்கள். முலாமின் தடிப்பு, போடுகிறவரின் வியர்வை, வாசனைத் தைலம், எண்ணெய்க் குளியல், நீச்சல் குளத்துக் குளோரின் எல்லாம் சேர்ந்துதான் அதை முடிவு செய்கின்றன. ஒரே தொகுதியில் வந்த இரண்டு சங்கிலியில் ஒன்று ஒரு வருடம் மின்னும், மற்றது தீபாவளிக்கு முன்னாலேயே வெளுக்கும். ஸ்டீலின்மேல் பிவிடி முறையில், அதாவது வெற்றிடத்தில் ஆவியாக்கி ஏற்றிய பூச்சு, சாதாரண முலாமைவிடக் கூடுதலாகத் தாங்கும் என்பது மட்டும் நிச்சயம். ஆகவே மாதக் கணக்கு சொல்லி உத்தரவாதம் தராதீர்கள். 'தங்கச் சங்கிலி' என்று எழுதாதீர்கள், 'தங்க முலாம் பூசிய ஸ்டீல்' என்று எழுதுங்கள். பொருளைப் பற்றித் தவறாக விவரித்து விற்பது 2011ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டப்படி குற்றம். எழுத்தை வெளியே லேசரில் வெட்டி வாங்கி நீங்கள் கோத்துத் தருவதாக இருந்தால் அதையும் அப்படியே சொல்லிவிடுங்கள். கைவேலை என்று சொல்வதற்கு நீங்கள் வரைவதும் கோப்பதும் மெருகேற்றுவதும் இருக்கின்றன.

கோப்பதில் ஒரு சின்ன விஷயம், நகை திரும்பி வருவதற்கு அதுதான் பெரும்பாலும் காரணம். இணைப்பு வளையத்தை இரண்டு குறடால் பிடித்து, ஒரு நுனியை உங்கள் பக்கமும் மறு நுனியை அந்தப் பக்கமும் திருகித் திறக்க வேண்டும். வெளிப்பக்கமாக இழுத்து அகட்டினால் மறுபடி வட்டம் சேராது. மூடிய பிறகு இணைப்பின்மேல் நகத்தை ஓட்டுங்கள். நகம் தட்டினால் இன்னும் இடைவெளி இருக்கிறது, மெல்லிய சங்கிலிக் கண்ணி அதன் வழியாக நழுவிவிடும்.

குழந்தை நகை ஆர்டர் நிறைய வரும், முப்பதாம் நாள் என்றாலே பெயர் போட்ட காப்பு கேட்பார்கள். காப்பு செய்யலாம், ஓரம் மழுங்கியிருக்க வேண்டும், மணியோ கல்லோ தொங்கக் கூடாது. கைக்குழந்தைக்குக் கழுத்துச் சங்கிலி கேட்டால் நான் மறுத்துவிடுவேன். கழுத்து இறுகுவது, உதிர்ந்த மணி தொண்டையில் அடைப்பது இரண்டும் நடந்திருக்கின்றன. பல் முளைக்கும் குழந்தைகளுக்கான கழுத்து மாலை, கை மாலைகளைப் பற்றி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரிக்கையே விட்டது.

சரி, விலை. உங்கள் கேள்வியில் 'மற்றவர்கள் 89க்கு விற்கிறார்கள், நான் 79க்குக் கொடுக்கலாமா' என்று இருந்தது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், எண்களை உங்கள் சரக்குக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். வெட்டிய வெள்ளிப் பெயரும் சங்கிலியும் 60 ரிங்கிட், பெட்டி 4, தபால் 8. ஆக 72. இப்போது உங்கள் நேரம். வாட்ஸ்அப் பேச்சு, வரைதல், திருத்தம், கோப்பது, படம் எடுப்பது, பொட்டலம் எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரம் சாதாரணமாக ஆகும். 2025இல் இந்த நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட் ஆனது, மணிக்கு 8.72. அதைவிடச் சற்று மேலே மணிக்குப் பத்து என்று வைத்தாலும் 20 ரிங்கிட். இருபதில் ஒன்றைத் திரும்பச் செய்ய நேரும் என்று 3 சேர்த்தால் 95. விற்பனைத் தளம் எல்லாக் கழிவும் சேர்த்து 12 விழுக்காடு பிடிக்கும் என்று கொண்டால், 108 ரிங்கிட்டுக்கு விற்றால்தான் அந்த 95 கைக்கு வரும். அதிலும் லாபம் இன்னும் ஏறவில்லை, கூலி மட்டும்தான் வந்திருக்கிறது. 79க்கு விற்றால் கைக்கு வருவது 70கூட இல்லை. பொருள் செலவுக்கே இரண்டரை ரிங்கிட் குறையும், இரண்டு மணி நேர உழைப்பு அப்படியே தானம். 89க்கு விற்கிறவர் பெரும்பாலும் முலாமில் செய்கிறவர், அல்லது ஒரே நாளில் நூறு பெயர் வெட்டுகிறவர். அவரோடு விலையில் மோதாதீர்கள். தமிழ் எழுத்தைச் சரியாக வெட்டித் தருகிறவர் என்று பெயர் எடுத்தால் 120, 130 கேட்கலாம், கொடுக்கிறார்கள்.

சீனாவிலிருந்து சங்கிலியும் உதிரியும் வரவழைத்தால், 2024 ஜனவரி 1 முதல் இணையத்தில் விற்று இறக்குமதியாகும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருளுக்கும் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு, அதையும் பொருள் செலவில் ஏற்றுங்கள். வெள்ளி விலை நாளுக்கு நாள் மாறுவதால் விலைப்பட்டியலில் 'இந்த மாதம் மட்டும்' என்று போட்டு வையுங்கள். 2025 அக்டோபரில் தங்கம் அவுன்ஸுக்கு 4,000 அமெரிக்க டாலரைத் தாண்டியது, வெள்ளியும் கூடவே ஏறியது. பழைய விலையில் ஆர்டர் எடுத்து வைத்தவர்கள் திண்டாடிப் போனார்கள்.

இனி ஊர் விஷயம். சின்ன ஊரில் இருப்பதால் வாங்குகிறவர் தயங்குவதில்லை, நீங்கள் யார் என்று தெரியாததால்தான் தயங்குகிறார். முதலில் எஸ்எஸ்எம்மில், அதாவது வணிகங்களைப் பதியும் மலேசிய நிறுவன ஆணையத்தில், பதிந்துகொள்ளுங்கள். தொழில் தொடங்கி 30 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம், வீட்டிலிருந்து இணையத்தில் விற்பதற்கும் அது பொருந்தும். சொந்தப் பெயரில் என்றால் வருடம் 30 ரிங்கிட், கடைப் பெயர் வைத்தால் 60. அந்தப் பதிவு எண்ணோடு தொலைபேசி, மின்னஞ்சல், முகவரி, தபால் செலவு உட்பட முழு விலை, எத்தனை நாளில் கிடைக்கும் என்பதையெல்லாம் பக்கத்தில் போட வேண்டும் என்று 2024ஆம் ஆண்டின் மின் வணிக விதிமுறைகள் சொல்கின்றன. 'விலைக்கு இன்பாக்ஸ் வாருங்கள்' என்று எழுதுவது நம் ஆட்களின் பழக்கம், அந்த விதிக்கு அது ஆகாது. எனக்கும் அது பிடிக்காது. வருமானக் கணக்குக்கு ரசீதுகளை ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும், ஒரு காலணிப் பெட்டி போதும்.

ஷோப்பியா இன்ஸ்டாகிராமா? எந்தத் தளம் அடுத்த வருடம் யாரைத் தூக்கிவிடும் என்று ஒருவராலும் சொல்ல முடியாது, கழிவு விகிதமும் மாறிக்கொண்டே இருக்கும். என் அனுபவத்தில் புதியவர் நம்பி வாங்கும் இடம் ஷோப்பி, ஏனென்றால் பொருள் வந்து சேரும்வரை பணம் தளத்திடம் இருக்கிறது. மாதிரிப் படம், திருத்தம், ஒப்புதல் என்று பேசி முடிக்க வசதி வாட்ஸ்அப். ஆகவே இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். ஷோப்பியில் 'முன்பதிவு' என்று போட்டு, அனுப்பும் நாளைக் கூட்டி வையுங்கள், இல்லாவிட்டால் மாதிரிக்கு ஒப்புதல் வருவதற்குள் தாமதத்துக்கு அபராதப் புள்ளி விழும். முதல் வாடிக்கையாளர்களை மட்டும் உங்கள் ஊரிலேயே தேடுங்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், கோயில் மாதர் பிரிவு, தாமான் குடியிருப்பில் பிறந்தநாள் கொண்டாடும் வீடுகள். மே 16 ஆசிரியர் தினத்துக்குப் பெயர் போட்ட சாவிக்கொத்து நன்றாகப் போகும். அவர்கள் போட்டுக்கொண்டு எடுத்த படம், நீங்கள் விளம்பரத்துக்குச் செலவழிக்கும் காசைவிட அதிகம் பேசும். தோட்டத்து லயத்துக்கு அனுப்பும்போது வீட்டு எண் இல்லாத முகவரி வரும், கூரியர்காரர் தோட்டத்து வாசல் காவல் சாவடியிலேயே விட்டுப் போய்விடுவார். டவுனில் ஒரு கடை முகவரியோ பார்சல் மையமோ கேட்டு வாங்குங்கள்.

நாட்காட்டியைப் பார்க்காமல் ஆர்டர் எடுக்காதீர்கள். வெட்டும் வேலையைச் சீனாவில் கொடுத்தால், அக்டோபர் முதல் வாரம் அங்கே தேசிய நாள் விடுமுறை. 2025இல் தீபாவளி அக்டோபர் 20, அந்த வாரத்தைக் கணக்கில் எடுக்காதவர்களுக்கு நகை தீபாவளி முடிந்துதான் வந்தது. சீனப் புத்தாண்டையொட்டி அங்கே தொழிற்சாலைகள் வாரக் கணக்கில் மூடிவிடும், தைப்பூசம் அந்தப் பக்கத்திலேயே வரும். தீபாவளி ஆர்டருக்குக் குறைந்தது ஐந்து வாரத்துக்கு முன்னால் கதவைச் சாத்துங்கள்.

1,500 ரிங்கிட் போதும், இயந்திரம் வாங்காமல் இருந்தால். உலோகத்தில் பொறிக்க ஃபைபர் லேசர் வேண்டும். மலிவாகக் கிடைக்கும் டயோடு லேசர், பளபளக்கும் வெள்ளியில் ஒழுங்காகப் பொறிக்காது. ஆர்டர் நிலையாக வரும்வரை வெட்டுவதை வெளியே கொடுங்கள். நல்ல குறடு இரண்டு, டிஜிட்டல் அளவுகோல், 0.01 கிராம் காட்டும் தராசு, 16, 18 அங்குலச் சங்கிலி கொஞ்சம், பெட்டிகள், எஸ்எஸ்எம் கட்டணம், உங்களுக்கே செய்து போட்டுப் பார்க்க மூன்று நான்கு மாதிரிகள். இதற்கு மேல் முதல் மூன்று மாதம் வாங்க வேண்டாம், மீதியைத் திரும்பச் செய்யும் செலவுக்கு வையுங்கள். சிறுதொழில் கடன் தரும் அரசு அமைப்பான தெக்குன் நேஷனலில் இந்தியத் தொழில்முனைவோருக்கான ஸ்பூமி கடன் இருக்கிறது, சிறுகடன் அமைப்பான அமானா இக்தியாரில் இந்தியப் பெண்களுக்கான 'பெண்' திட்டம் இருக்கிறது. இரண்டையும் விசாரித்து வையுங்கள். ஆனால் மாதம் எத்தனை பெயர் போகிறது என்று உங்களுக்கே தெரியாத நிலையில் தவணைக் கடனைத் தலையில் ஏற்றாதீர்கள்.

இன்னொன்றும் கேட்டிருந்தீர்கள். அத்தை ஒருவர் தன் பழைய தோட்டைத் தந்து, உருக்கிப் பேத்திக்குப் பெயர் சங்கிலி செய்யச் சொல்கிறார் என்று. வாங்காதீர்கள். எடை எவ்வளவு இருந்தது, சேதாரம் எவ்வளவு போனது என்கிற பேச்சில் உறவு கெடும். பழைய நகையை விலைக்கு வாங்கி விற்கும் பக்கம் போனால் போலீஸ் தரும் பழம்பொருள் வணிக உரிமம் வேறு வேண்டும். தமிழ் எழுத்தை வரைந்து, வளையமும் பட்டையும் வைத்து, நிஜ அளவு தாளோடு அவரை ஒரு பத்தரிடம் அனுப்புங்கள். வரைந்ததற்கு 30 ரிங்கிட் கேளுங்கள், தருவார்.